இருளிற் சொடுக்கும் குருவிகள்

பசிபிக் சமுத்திரத்திலே, நியூசிலாந்துக்கு வடகிழக்கே வெகு தூரத்தில், குக் தீவுகள் என்னும் சிறு கூட்டமொன்று உண்டு. அதன் தலைமைத் தீவாகிய ராரொட்டொங்காவிலிருந்து சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரம் பறந்தால் அட்டியு தீவை அடையலாம். பரப்பு ஏறக்குறைய 27 சதுர கிலோமீற்றர். குடிசனம் நானூறு பேரளவில். நம்முடைய நெடுந்தீவை அறிந்தவர்களுக்கு அதில் ஏறக்குறையப் பாதி என்றால் அளவு விளங்கிவிடும்.

இத்தீவின் ஐந்து கிராமங்களும் கடற்கரையில் இல்லை. நடு மேட்டிலே ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. அங்கிருந்து பாதைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கடலை நோக்கி இறங்குகின்றன. பஸ் கிடையாது. வாடகைக்கு எடுக்கும் மோட்டார் சைக்கிளே வந்தவர்க்கு வாகனம். இலங்கையிற் போல இடப்பக்கமாகவே செலுத்துவதால் நமக்குச் சிரமமில்லை. ஆயினும் மழை பெய்தபின் அச்செம்மண் பாதை எண்ணெய் பூசியது போல வழுக்கும். வளைவு தோறும் கோழியோ பன்றியோ குறுக்கிடும். அங்கே வேகமாக ஓட்டுபவர் தீவையும் பார்ப்பதில்லை, ஊர் போய்ச் சேர்வதும் நிச்சயமில்லை.

மேட்டைச் சுற்றிக் கோட்டைச் சுவர் போல ஒரு பாறை வளையம் உண்டு. அதனை அவர்கள் மக்கட்டேயா என்பர். ஒரு காலத்தில் அது கடலுக்குள் இருந்த முருகைக்கற் பார். பின்னர் ராரொட்டொங்கா எரிமலை எழுந்தபோது, அதன் பெரும் பாரத்தால் கடலடித்தளம் அவ்விடத்தில் அமுங்க, சற்றுத் தூரத்திலிருந்த அட்டியு முதலிய தீவுகள் மேலெழுந்தன என்று அறிஞர் கருதுவர். மழைநீர் அச்சுண்ணப் பாறையைக் கரைத்துக் கரைத்துக் குகைகளாக்கியது. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைக் குடைந்ததும் இதே நீரின் வேலைதான்.

சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாறைமேல் நடக்கவேண்டும். கத்தி முனை போன்ற கற்கள். தடித்த சப்பாத்து இன்றேல் கால் தப்பாது. அனட்டக்கிட்டக்கி என்னும் குகைக்குள், ஆலின் இனத்து மரத்தின் வேர்கள் தொங்கும் வாயிலால் இறங்கினோம். சிறிது தூரத்தில் வெளிச்சம் அற்றது. வழிகாட்டி விளக்குகளை அணைக்கச் சொன்னார். அப்போது தலைக்கு மேலே, யாரோ விரலைச் சொடுக்குவது போலச் சத்தம். ஒன்றல்ல, பல.

அவை கொபெக்கா என்னும் உழவாரன் இனக் குருவிகள். பகல் முழுவதும் பறந்தே பூச்சி பிடிக்கும், கிளையில் அமர்வதில்லை. குகையிருளிலோ சொடுக்கொலி எழுப்பி, அதன் எதிரொலியால் வழி அறிகின்றன. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். 1.7 மீற்றர் தூரத்துப் பாறையிற் பட்ட ஒலி திரும்பிவர நூறில் ஒரு வினாடி போதும். அதற்குள் அக்குருவி திரும்ப வேண்டிய பக்கத்தை அறிந்துவிடுகிறது. வௌவாலின் ஒலி நம் செவிக்குப் பெரும்பாலும் எட்டாது. இதுவோ நன்றாகக் கேட்கிறது.

உலகில் வேறெங்கும் இக்குருவி கூடு கட்டுவதில்லை. இத்தீவின் ஓரிரு குகைகளே அதற்கு வீடு. எல்லாமாகச் சில நூறு பறவைகளே உள்ளன. கூட்டருகே கூச்சலிட்டு விளக்கடிக்கும் ஒரு கூட்டம் ஓர் இனத்துக்கே கேடு செய்யக்கூடும். ஆதலால் நிலத்துக்குரிய குடும்பத்தின் சம்மதமும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றி எவரும் நுழைவதில்லை. இக்கட்டுப்பாடு பயணிகளுக்குத் தொல்லை என்று முணுமுணுப்போர் உண்டு. எமக்கு அது சரியாகவே படுகிறது.

றிமா றாவ் என்ற இன்னொரு குகையில் மனித எலும்புகள் கிடக்கின்றன. போரில் மடிந்தோருடையவை என்றும் வேறு விதமாகவும் கதை சொல்லுவர். அவற்றின் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் பிடிப்பவரை என்னென்பது?

கொபெக்காவின் உறவினம் நமது மலைநாட்டிலும் உண்டு. குகைகளிலும் கைவிட்ட சுரங்கங்களிலும் அது கூடு கட்டுகிறது. அதுவும் இருளிற் சொடுக்கும். அத்தகைய இடத்துக்குப் போகும் பிள்ளைகள் விளக்கை நிலத்தை நோக்கிப் பிடித்து, ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேட்கட்டும்.