பூட்டு கதவுக்குத்தான், வாய்க்கு அல்ல!

திண்டுக்கல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பூட்டு.

மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று அதில் பல வகை உண்டு. நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் அதைக் கையால் செய்கிறார்கள். 2019-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, 'திண்டுக்கல் பூட்டு' என்ற பெயர் இந்த வட்டாரப் பூட்டுக்கே உரியது என்று பதிவாகிவிட்டது.

பூட்டு செய்வது லேசான வேலை அல்ல. இரும்புத் தகட்டை வெட்ட வேண்டும். துளை போட வேண்டும். சாவியை அரத்தால் அராவ வேண்டும். ஒரே இடம்; ஒரே வேலை. பொழுது சாயும்போது முதுகு வலிக்கும், கண் எரியும்.

இப்படி ஒரு பட்டறையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பெட்டிக்குள் சாவியை வைத்தான். மறதியாகப் பெட்டியைப் பூட்டிவிட்டான். பயந்துபோய் நிற்கிறான்.

பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார். "விடு தம்பி! இனி எந்தத் திருடனுக்கும் சாவி கிடைக்காது!" என்கிறார்.

பட்டறையே சிரிக்கிறது. இளைஞனும் சிரிக்கிறான். பயம் போய்விட்டது. பெட்டியைத் திறக்க நாலு பேர் உதவிக்கு வருகிறார்கள். அந்தத் தவறை அவன் மறுபடி செய்ய மாட்டான்.

இங்கே வீணானது எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம். கிடைத்தது என்ன? ஒரு தொழிலாளியின் தைரியம்.

இதுதான் கேள்வி. வேலை செய்யும் இடத்தில் சிரிப்பு தேவையா? அது நேரத்தை வீணாக்குமா? அல்லது வேலைக்குத் துணை நிற்குமா?

சிரித்ததற்குத் தண்டனை!

சிரிப்பைக் குற்றமாகக் கருதிய முதலாளிகளும் உலகில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் மோட்டார் கார் செய்து பெரும் செல்வரானவர் ஹென்றி போர்டு. வேலை நேரத்தில் வேலை, விளையாட்டு நேரத்தில் விளையாட்டு, இரண்டையும் கலக்கவே கூடாது என்பது அவர் கொள்கை. அவருடைய ரூஜ் ஆற்றுத் தொழிற்சாலையில் 1940-ம் ஆண்டு ஒரு தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பெயர் ஜான் காலோ. அவர் செய்த குற்றம் புன்னகை செய்தது! அதற்கு முன்பும் அவர் மீது ஒரு புகார் இருந்தது. சக தொழிலாளிகளோடு சிரித்துப் பேசி, வேலையை அரை நிமிடம் தாமதப்படுத்திவிட்டாராம்.

அரை நிமிடத்துக்கு ஒருவரின் பிழைப்பு போயிற்று!

இன்று இந்தக் கதையைக் கேட்டால் நாம் வியப்படைகிறோம். ஆனால், "என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? வேலையைப் பார்!" என்ற அதட்டல் இன்றும் பல இடங்களில் கேட்கத்தான் செய்கிறது.

சிரித்தால் என்ன ஆகும்?

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நம் பழமொழி. எல்லா நோயும் சிரிப்பால் தீராது. நோய்க்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் பழமொழியில் ஓர் உண்மை இருக்கிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபின் டன்பார் ஒரு சோதனை செய்தார். சிலருக்கு நகைச்சுவைப் படம் காட்டினார். வேறு சிலருக்குச் சிரிப்பு வராத படம் காட்டினார். பிறகு, எவ்வளவு வலியைத் தாங்குகிறார்கள் என்று பார்த்தார். கூட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்கள் அதிக வலியைத் தாங்கினார்கள். சிரிக்கும்போது உடம்பில் 'எண்டார்பின்' என்ற பொருள் சுரக்கிறது. வலியைக் குறைப்பது அதுவே என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் கருதினார்கள். இந்த ஆராய்ச்சி 2011-ம் ஆண்டு வெளியாயிற்று.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் புரோவைன் வேறொன்றைக் கண்டார். கடைத்தெருவிலும் மற்ற பொது இடங்களிலும் மக்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று அவர் குறித்துக்கொண்டே வந்தார். 1,200 சிரிப்புகளைக் கணக்கெடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை ஹாஸ்யத்தைக் கேட்டு வந்தவை அல்ல! "அப்படியா?", "சரி, நாளைக்குப் பார்ப்போம்" போன்ற சாதாரணப் பேச்சுக்கே மக்கள் சிரித்தார்கள். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, பிறரோடு இருக்கும்போது மனிதன் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறான் என்றும் அவர் கண்டார்.

இதன் பொருள் என்ன? சிரிப்பு என்பது வெறும் வேடிக்கை அல்ல. "நான் உன் ஆள், நீ என் ஆள்" என்று சொல்லாமல் சொல்லும் பாஷை அது.

நம் நாட்டிலும் இதை உணர்ந்தவர்கள் உண்டு. பம்பாயில் டாக்டர் மதன் கடாரியா 1995-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி ஒரு பூங்காவில் சிரிப்புச் சங்கம் தொடங்கினார். அன்று கூடியவர்கள் ஐந்தே பேர். இன்று பல நாடுகளில் சிரிப்புச் சங்கங்கள் இருக்கின்றன. மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உலகச் சிரிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வாழைப்பழ நேரம்

சிறுமலையில் வாழைப்பழம் விளைகிறது. அந்தப் பழத்தின் ருசி அறிந்த திண்டுக்கல்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

டொனால்டு ராய் என்பவர் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர். அவர் ஒரு தொழிற்சாலையில் தாமே தொழிலாளியாகச் சேர்ந்தார். தோல், பிளாஸ்டிக் தாள்களை இயந்திரத்தால் துண்டு போடும் வேலை. தாளை வை, பித்தானை அழுத்து, துண்டை எடு. மறுபடி வை, அழுத்து, எடு. நாள் முழுதும் இதேதான். இந்த வேலையில் எப்படிப் பொழுதைக் கழிப்பது என்று அவர் திகைத்தார்.

கூட இருந்த தொழிலாளிகள் வழி கண்டிருந்தார்கள். ஒருவர் தினமும் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். இன்னொருவர் தினமும் அதைத் திருடித் தின்பார். தின்னும் முன்பு, "வாழைப்பழ நேரம்!" என்று கூவுவார். பறிகொடுத்தவர் சண்டை பிடிப்பார். ஆனால் மறுநாளும் பழம் கொண்டுவருவார்! இப்படி ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேடிக்கை. நீண்ட நாள் சிறு சிறு துண்டாக உடைந்தது. களைப்பு குறைந்தது.

ஒருநாள் வேடிக்கை எல்லை மீறியது. ஒருவருடைய குடும்பத்தின் பெருமையைத் தொட்டுக் கிண்டல் செய்துவிட்டார்கள். அவர் வாய் மூடிவிட்டார். ஏறக்குறைய இரண்டு வாரம் பேச்சில்லை, பழமும் இல்லை. அந்த நாட்களில் பழைய களைப்பு திரும்பி வந்தது. நேரம் நகரவே இல்லை. பிறகு சமாதானம் ஆயிற்று. சிரிப்பும் வந்தது.

ராய் இதை 1959-ம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். சிரித்ததால் உற்பத்தி பெருகியது என்று அவர் அளந்து காட்டவில்லை. ஆனால் இரண்டு உண்மைகள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. நல்ல சிரிப்பு வேலையின் பாரத்தைக் குறைக்கும். தப்பான சிரிப்பு அந்த இடத்தையே பாழாக்கும்.

பயம் இருக்கும் இடத்தில்...

இனி திண்டுக்கல்லுக்குத் திரும்புவோம்.

இன்று இந்த மாவட்டத்தில் பூட்டுப் பட்டறைகளைவிட நூற்பாலைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் அதிகம் பேருக்கு வேலை தருகின்றன. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போகிறார்கள். வேடசந்தூர்ப் பக்கம் விடியற்காலையில் ஆலை பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். பஸ்ஸில் பேச்சும் சிரிப்பும் கேட்கும்.

ஆலைக்குள் போனதும் அந்தச் சிரிப்பு என்ன ஆகிறது? அதைப் பொறுத்துத்தான் அது நல்ல ஆலையா, கெட்ட ஆலையா என்று சொல்ல முடியும்.

2021-ம் ஆண்டு ஜனவரியில், இந்த மாவட்டத்தில் உள்ள ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் கொலையுண்டார். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதன் பிறகு பல பெண்கள் வாய் திறந்தார்கள். ஆலையில் வசைமொழியும் தொல்லையும் இருப்பதாகச் சொன்னார்கள்.

இதன் விளைவாக 2022-ம் ஆண்டு ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே அதற்குப் பெயர். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆலையை நடத்திய நிறுவனமும் அதில் கையெழுத்திட்டன. அந்த ஆலையில் துணி வாங்கிய எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதையொட்டிக் கையெழுத்துப் போட்டன. தொழிலாளிகளிலிருந்தே சிலருக்குப் பயிற்சி தந்து, தொல்லை நடக்கிறதா என்று கவனிக்கச் செய்வது அதில் ஓர் ஏற்பாடு. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பது இன்னொன்று.

இதற்கும் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையச் சம்பந்தம் உண்டு. பயந்தவர் சிரிக்க மாட்டார். மேஸ்திரி சிரித்தால் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டுவார். அது சிரிப்பு அல்ல. அதுவும் ஒரு வேலை! கூலி இல்லாத வேலை!

வேடிக்கையா, வசையா?

ஆகவே சிரிப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது. மற்றது, ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது.

பட்டறைப் பெரியவரின் வார்த்தையை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் தவறைப் பார்த்துச் சிரித்தார். ஆளைப் பார்த்து அல்ல. அவரே, "உங்கள் ஆட்களுக்கு எங்கே மூளை இருக்கிறது?" என்று கேட்டிருந்தால்? அப்போதும் சிலர் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த இளைஞனின் மனம் பூட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எந்தச் சாவியும் பொருந்தாது.

விளையாட்டாக இகழ்ந்தாலும் அது துன்பமே தரும் என்பது வள்ளுவர் கருத்து.

"சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்" என்பது பலர் சொல்லும் சமாதானம். சட்டம் அதை ஏற்பதில்லை. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை தருவதைத் தடுக்க 2013-ம் ஆண்டில் சட்டம் வந்தது. பெண் விரும்பாத ஆபாசப் பேச்சும் அந்தச் சட்டப்படி தொல்லைதான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். சிறிய இடமாக இருந்தால், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவி செய்ய வேண்டியது குழுவின் கடமை.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்வது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1989-ம் ஆண்டில் வந்தது.

என்ன செய்யலாம்?

நல்ல சிரிப்புக்குப் பணம் செலவில்லை. சில விதிகள் போதும்.

முதலாளியும் மேஸ்திரியும் முதலில் தங்களைப் பார்த்தே சிரிக்கப் பழகலாம். "இன்றைக்குக் கணக்கைத் தப்பாகப் போட்டது நான்தான்!" என்று மானேஜர் சொல்லிச் சிரித்தால், மற்றவர்களும் தங்கள் தவறை மறைக்காமல் சொல்வார்கள். மறைத்த தவறால் வரும் நஷ்டம் பெரிது.

நிறம், சாதி, உடம்பு, ஊனம், குடும்பம் இவற்றைத் தொட்டு யாரும் கிண்டல் செய்யக் கூடாது. எதிரே இருப்பவர் சிரிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஓடும் இயந்திரத்தின் அருகே கை விளையாட்டு கூடவே கூடாது. ஒரு நிமிட வேடிக்கைக்கு ஒரு விரல் விலை ஆகிவிடும். டீக் குடிக்கும் நேரம் எதற்கு இருக்கிறது? சிரிக்கத்தானே!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிரிப்பு கூலிக்கு ஈடாகாது. சம்பளத்தைக் குறைத்துவிட்டுச் சிரிப்புச் சங்கம் நடத்தினால், சங்கம் முடிந்ததும் தொழிலாளி அழுவார். நியாயமான கூலி, கழிப்பறை, ஓய்வு, மரியாதை எல்லாம் இருக்கும் இடத்தில் சிரிப்பு தானாகவே வரும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

மாலையில் அம்மாவோ அக்காவோ வேலையிலிருந்து வீடு திரும்பினால், "இன்றைக்கு எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று மட்டும் கேட்க வேண்டாம். "இன்றைக்கு எதற்குச் சிரித்தாய்?" என்றும் கேளுங்கள். பதில் உடனே வந்தால், அது நல்ல இடம். பதில் வராவிட்டால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள்.

திண்டுக்கல் பூட்டு உறுதியானது. அது கதவில் தொங்கட்டும். உழைப்பவரின் வாயில் தொங்க வேண்டாம்!