அக்கானியும் பாகும்

குளிர்நாடுகளில் வதியும் நம் குடும்பங்களின் காலையுணவில் மேப்பிள் பாகு இடம்பெற்றுவிட்டது. மரத்தின் நீரைக் காய்ச்சி இனிப்பாக்குவது நமக்குப் புதிதன்று. பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்த நம்மவர்க்கு அது அடுப்படியிற் கண்ட தொழிலே. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனையோ களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே அக்கானியைத்தான் சுரந்தது.

பனம்பாளையை நாள்தோறும் மெல்லச் சீவிக் கலயம் கட்டுவர். உட்புறம் சுண்ணாம்பு பூசாவிடில் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். விடியலில் இறக்கிய அக்கானியைத் தெளியவைத்து வடிகட்டி, காலந்தாழ்த்தாது அகன்ற பாத்திரத்தில் காய்ச்சவேண்டும். நுரை பொங்கினால் தீயைத் தணித்து, அடிபிடியாமற் கிளறவேண்டும். தேன்போல் ஒழுகுங்கால் இறக்கினால் பாகு. மேலும் முற்றவிட்டுச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. மேப்பிள் சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே. ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். அக்கானியிலோ நூற்றுக்கு 10 பங்களவு உண்டு. ஆதலின் விறகும் நேரமும் குறைவே.

ஆடவர் மரமேறி இறக்கியதை அனல்முன் நின்று இனிப்பாக்கியவர் நம் அன்னையரே. இறக்கும் பதம் இன்னதென்பது ஏட்டில் இல்லை. அவர்தம் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. பனையேறுவோரும் அருகி வருகின்றனர். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளைப் பாட்டியின் அருகே அமர்த்தி, அப்பதத்தைக் கேட்டெழுதி வருவார்களாக. பிறகு கேட்கலாம் என்றிருந்தால், சொல்வதற்கு ஆள் இராது.