மேடையிலிருந்து இறங்கிய என்ஜின்

காட்பாடியில் ரயில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் திருப்பதி. நடுவில் 104 கிலோமீட்டர்தான். தூங்காதவர்கள் ஜன்னல் வழியே ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டு போகலாம்: சித்தூர், பூதலப்பட்டு, பாகாலா, மூங்கிலிப்பட்டு, சந்திரகிரி. ஊர் ஆந்திராவில் இருந்தாலும் பெயர்களில் பாதிக்குத் தமிழ் வாசனை. படிக்கக் கிடைக்காத ஒரு சங்கதியும் இந்தப் பாதையில் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக இங்கே ஓடியது மீட்டர் கேஜ் ரயில். 2002இல் அகலப் பாதை வந்தபோது அது விடைபெற்றது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1890களின் தொடக்கத்தில் போட்ட பாதை இது. விழுப்புரத்தில் தொடங்கி, திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர் வழியாகப் பாகாலாவுக்கு வரும். அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை திருப்பதிக்கும், இன்னொன்று கதிரி வழியாகத் தர்மவரத்துக்கும் போகும். மஞ்சள் துணியில் காணிக்கைக் காசை முடிந்துகொண்டு கிளம்பிய தென்னாற்காடு, வடாற்காடு குடும்பங்களுக்கு ஏழுமலையான் எட்டியது இந்தச் சின்ன ரயிலால்தான். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திராவோடு போனது. 2022இல் அதிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் எத்தனை முறை மாறினாலும் தண்டவாளம் இரண்டு பக்கத்தையும் கட்டிப் போட்டே வைத்திருந்தது.

இந்த மீட்டர் கேஜ் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அயர்லாந்துக்காரர் ஒருவர் எதிர்ப்படுகிறார். டப்ளினில் பிறந்த மாயோ பிரபு 1869இல் வைஸ்ராயாக வந்தார். 5 அடி 6 அங்குல அகலப் பாதைக்கு ஆன செலவைப் பார்த்து, இப்படியே போனால் ஏழைப் பகுதிகளுக்கு ரயில் போகாது என்று முடிவு கட்டினார். சிக்கனமான சின்னப் பாதை வேண்டும் என்றார். இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறும் என்ற எதிர்பார்ப்பு அப்போது இருந்தது. எனவே பாதையின் அகலம் ஒரு மீட்டர் என்று 1870இல் தீர்மானமானது. 1872இல் அந்தமானில் மாயோ கொல்லப்பட்டார். மறு ஆண்டு டெல்லிக்கும் ரேவாரிக்கும் இடையே முதல் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது.

அவர் பிறந்த நாட்டிலும் இதே கதைதான். ஆளுக்கோர் அகலத்தில் பாதை போட்டுக் குழம்பிய அயர்லாந்து, 1846இல் சட்டம் போட்டு 5 அடி 3 அங்குலத்துக்கு வந்து சேர்ந்தது. வசதி குறைந்த மேற்கு, வடக்குப் பகுதிகளுக்கு அதுவும் கட்டுப்படியாகாமல், பிறகு 3 அடிப் பாதைகள் போடப்பட்டன. பஸ்ஸும் லாரியும் வந்ததும் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மேற்கு கிளேர் பாதை கடைசிவரை தாக்குப்பிடித்து 1961இல் மூடியது.

அந்தப் பாதையில் ஓடிய என்ஜின்களில் ஒன்று ஸ்லீவ் காலன். 1892இல் கிளாஸ்கோவில் செய்யப்பட்டது. ஏறக்குறைய பாகாலா பாதையின் வயது. பாதை போன பிறகு அதை என்னிஸ் ஸ்டேஷனில் ஒரு மேடையில் ஏற்றிவைத்தார்கள். வெயிலும் மழையும் தின்ன, பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. பிற்பாடு ரயில் ஆர்வலர்கள் அதை மேடையிலிருந்து இறக்கினார்கள். இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் செப்பனிட்டு 2009இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மொயாஸ்டா என்ற இடத்தில் கூப்பிடு தூரத்துக்குப் போட்ட பாதையில் அது மறுபடியும் புகை விட்டது.

அரசாங்கத்தை எதிர்பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. 1964இல் தொடங்கிய அயர்லாந்து ரயில்வே பாதுகாப்புச் சங்கம் பெரும்பாலும் தொண்டர்களால் நடப்பது. விடுமுறை நாளில் கையில் ஸ்பானருடன் வந்து நிற்பவர்கள் அவர்கள். வட அயர்லாந்தில் குண்டு வெடித்த ஆண்டுகளிலும் எல்லைக்கு இரு பக்கத்திலும் அந்தச் சங்கம் இயங்கியது. ஒயிட்ஹெட் என்ற ஊரில் அதன் பட்டறை இருக்கிறது. பழைய என்ஜின்களைப் பிரித்து மாட்டும் வேலையை இளைஞர்கள் முதியவர்களிடமிருந்து கற்பது அங்கேதான்.

என்ஜினையே காப்பாற்ற முடியாதபோது அதன் உருவத்தைக் காப்பாற்றியவர்களும் உண்டு. சிரில் ஃபிரை என்ற ரயில்வே வரைபடக் கலைஞர், அயர்லாந்தில் ஓடிய என்ஜின்களையும் பெட்டிகளையும் மாதிரிகளாகக் கையாலேயே செய்து குவித்தார். அவர் 1972இல் மறைந்தார். டப்ளின் அருகே மாலஹைடில் 2020இல் திறந்த அருங்காட்சியகத்தில் அவருடைய ரயில்கள் இருக்கின்றன. மாதிரி செய்வது குழந்தை விளையாட்டல்ல. கடைகளில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அயர்லாந்தின் பாதையை 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 21 மில்லிமீட்டர் வரவேண்டும். அந்த நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம் பொறுக்காமல் தண்டவாளத்தையே சொந்தமாகச் செய்துகொள்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் மூல என்ஜினின் ஒவ்வோர் ஆணியையும் அளந்தாக வேண்டும். வரைபடங்களைத் தேடியாக வேண்டும். பழைய டிரைவர்களைக் கேட்டாக வேண்டும். மூலம் அழிந்த பிறகு மாதிரியே ஆவணம்.

இது தமிழர்களுக்குப் புரியாத பித்து அல்ல. நவராத்திரிக் கொலுவில் மணலைக் கொட்டி, ஏழு மலை எழுப்பி, அடிவாரத்தில் பொம்மை ரயிலைச் சுற்ற விடாத தெரு எது? மலைப்பாதையும் கோபுரமும் பிசகாமல் அமையும். ஆனால் ரயில் மட்டும் கடையில் வாங்கிய ஏதோ ஒரு வெளிநாட்டு ரயிலாக இருக்கும். திருப்பதிக்கு நிஜமாக ஓடிய ரயில் எப்படி இருந்தது என்று கொலு வைத்தவருக்கே தெரியாது.

அகலப் பாதை வந்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. காட்பாடியில் மூட்டை முடிச்சுடன் வண்டி மாறிய கஷ்டம் தீர்ந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து சித்தூர் வழியே நேரடி ரயில் வர முடிந்தது. பாகாலா - தர்மவரம் கிளையும் 2010 வாக்கில் அகலமானது. மீட்டர் கேஜைத் திரும்பக் கேட்பது அசட்டுத்தனம். போன ஒன்றை நினைவில் வைத்திருப்பது வேறு விஷயம்.

கைத்திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. 1855இல் லீட்ஸில் செய்யப்பட்டு, 1909இல் ஓய்வுபெற்று, ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாக நின்ற என்ஜினை 2010இல் ஓடவைத்தது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். காணாமல் போயிருந்த பாகங்களைப் புதிதாகச் செய்துதான் அதைச் சாதித்தார்கள். தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே மீட்டர் கேஜ் நீலகிரி மலை ரயில். அதற்கு ஒரு காலத்தில் நீராவி என்ஜின்கள் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தன. 2011இல் திருச்சி பொன்மலைப் பட்டறை புது என்ஜினையே செய்து அனுப்பியது. மத்தியப் பிரதேசத்தில் பாதாள்பானிக்கும் காலாகுண்டுக்கும் நடுவே உள்ள மலைப்பகுதி மீட்டர் கேஜில் 2018இல் பாரம்பரிய ரயிலே விட்டார்கள்.

திருப்பதியில் ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. ஏர்ப்பேடு பக்கம் மாதவமாலா கிராமத்தில் மரச் சிற்பம் தலைமுறைத் தொழில். இரும்பு வேலைக்கும் ஆள் இருக்கிறது, மர வேலைக்கும் இருக்கிறது. இல்லாதது காலம்தான். தென்னாட்டு மீட்டர் கேஜில் நீராவி அடங்கியது 1990களில். வொய்.பி., வொய்.ஜி. ரக என்ஜின்களில் கரி அள்ளிப் போட்டவர்களில் கடைசித் தலைமுறை அறுபதைத் தாண்டிவிட்டது. ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்த டோக்கன், வளையத்தோடு ஓடும் ரயிலில் கை மாறியதை இன்றைய பிள்ளைகளுக்குச் செய்து காட்ட அவர்களால்தான் முடியும். அந்தப் பகுதிக்குரிய டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. எதிரும் புதிருமாக இரண்டு ரயில் மோதாமல் காத்தது இந்த விதிதான். இதை மேடையில் நிற்கும் என்ஜின் சொல்லாது.

ஸ்டேஷன் வாசலில் ஒரு என்ஜினுக்குப் பெயின்ட் அடித்து நிறுத்துவது சுலபம். திறப்பு விழாவும் நடத்தலாம். அதைவிட அவசரமானது, ஓய்வுபெற்ற ஊழியர்கள் நாலு பேரை உட்காரவைத்துப் பேசவைப்பதும், பரணில் கிடக்கும் வரைபடங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் தடுப்பதும்தான். அந்த வரைபடத்தை வைத்துப் பாகாலா சந்திப்பையும் அங்கே நின்ற ரயிலையும் மரத்தில் செதுக்கிக் கொடுத்தால் கொலுவுக்கு வாங்க ஆளிருக்கும்.

ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்கு ஓடி வருபவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். அயர்லாந்துக்காரர்களும் அப்படித் தாமதமாக ஓடி வந்தவர்கள்தான். ஆனாலும் ஒரு ரயிலைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.