பொலிவியாவுக்குப் போகிறவர்கள் பொட்டோசியை மறக்கலாமா?

தென் அமெரிக்காவின் நடுவில் இருக்கும் நாடு, பொலிவியா.

இந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. 1879-ல் சிலி நாட்டுடன் தொடங்கிய போரில் அதை இழந்துவிட்டது. ஆனால் மலைகள் உண்டு. வானத்தைத் தொடும் மலைகள்! அந்த மலைகளின் மேலேயே பெரிய நகரங்கள் இருக்கின்றன.

அங்கே போகும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் இரண்டே இடங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, லா பாஸ் நகரம். இன்னொன்று, உயூனி உப்பு வெளி. இரண்டையும் படம் பிடித்துக் கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இது தவறு.

பொலிவியாவில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர், பொட்டோசி. ஏன் என்றால், மற்ற ஊர்களை எல்லாம் வாழ வைத்த ஊர் அது. வாழ வைத்துவிட்டு, தான் ஏழையாக நிற்கும் ஊரும் அதுதான்.

வெள்ளி மலை

பொட்டோசி, கடல் மட்டத்துக்கு மேல் 13 ஆயிரம் அடிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் கூம்பு போல ஒரு செந்நிற மலை நிற்கிறது. அதன் பெயர் "செரோ ரிக்கோ". "பணக்கார மலை" என்று பொருள்.

1545-ம் ஆண்டில் இந்த மலையில் வெள்ளி இருப்பது ஸ்பெயின் நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்! ஆள் இல்லாத மலை அடிவாரத்தில் ஒரு நகரம் முளைத்தது. 1600-களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் பேர் வசித்தார்கள். அன்றைய உலகின் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று.

வெட்டி எடுத்த வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் மன்னருக்குப் போயிற்று. அங்கே அடித்த நாணயங்கள் கடல் கடந்து சீனா வரை சென்றன. ஐரோப்பிய வியாபாரிகள் இந்தியாவில் துணி வாங்கக் கொண்டு வந்ததும் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்து வெள்ளிதான்.

விலை மதிக்க முடியாத பொருளை, "ஒரு பொட்டோசி பெறும்" என்று சொல்வது ஸ்பானிய மொழியில் இன்றும் வழக்கம்.

யார் வெட்டினார்கள்?

மலையை வெட்டியவர்கள் அந்த மண்ணின் மைந்தர்கள்.

1570-களில் ஸ்பெயின் அரசப் பிரதிநிதி தொலேதோ ஒரு கட்டாய வேலைத் திட்டம் கொண்டு வந்தார். சுற்று வட்டாரக் கிராமங்களில், வேலை செய்யும் வயதில் உள்ள ஆண்களில் ஏழு பேருக்கு ஒருவர், முறை வைத்துச் சுரங்க வேலைக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு சுமார் 13 ஆயிரம் பேர் இப்படி அனுப்பப்பட்டார்கள். பலர் மனைவி மக்களுடன் பல நாட்கள் மலைப் பாதையில் நடந்தே வந்தார்கள்.

வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்?

வெள்ளிக்குக் கணக்கு எழுதினார்கள். செத்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. பாறை விழுந்து இறந்தவர்கள் உண்டு. வெள்ளியைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசத்தின் விஷம் ஏறி மாண்டவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களும் அங்கே பாடுபட்டார்கள்.

இந்தக் கட்டாய வேலை 200 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

நாணயச் சாலை

இந்தக் கதையைக் கண்ணால் காண, பொட்டோசியின் பழைய நாணயச் சாலைக்குப் போக வேண்டும். 1759 முதல் 1773 வரை கட்டிய பிரம்மாண்டமான கட்டடம் அது. இன்று அரும்பொருள் காட்சிச் சாலையாக இருக்கிறது.

வெள்ளியைத் தகடாக்கிய பெரிய மரச் சக்கரங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகளைக் கட்டிச் சுற்ற விடுவார்கள். மேல்தளத்தில் சக்கரம் சுழலும். குழந்தைகளுக்குக் கூட உடனே புரிந்துவிடும்.

மற்ற ஊர்களின் கதை

பொட்டோசியைப் பார்த்த கண்ணோடு மற்ற ஊர்களைப் பார்த்தால்தான் அவற்றின் கதை விளங்கும்.

சுக்ரே நகரம், பொட்டோசியில் இருந்து சுமார் 100 மைல் தூரத்தில் உள்ளது. அரசியல் சட்டப்படி நாட்டின் தலைநகரம் இதுதான். ஊர் முழுவதும் வெள்ளை வெளேர் என்று மாளிகைகளும் தேவாலயங்களும் நிற்கின்றன. 1624-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. 1825 ஆகஸ்டு 6-ந்தேதி பொலிவியா சுதந்திரம் பெற்றதாக அறிவித்த மண்டபமும் இங்கேதான் உள்ளது.

இந்த அழகுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சுரங்க முதலாளிகள் பொட்டோசியின் குளிருக்குப் பயந்து, இதமான சுக்ரேயில் வீடு கட்டிக் கொண்டார்கள். இந்த ஊரின் பழைய பெயரே "லா பிளாட்டா". அதற்கு "வெள்ளி" என்றுதான் அர்த்தம்!

லா பாஸ், 1548-ல் தோன்றிய நகரம். பொட்டோசிக்கும் பெரு நாட்டுக்கும் இடையே போய் வந்தவர்கள் தங்கிச் செல்லும் வழியில் அது வளர்ந்தது. இன்று அரசாங்கம் நடப்பது அங்கேதான். 2014 முதல் நகரின் மேலே கம்பியில் தொங்கும் பெட்டிகள் ஓடுகின்றன. மக்கள் பஸ்ஸில் போவது போல அவற்றில் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அந்தப் பெட்டியில் ஏறினால், மேட்டில் உள்ள எல் ஆல்ட்டோ என்ற நகருக்குப் போகலாம். 1985-ல் உலகச் சந்தையில் தகரத்தின் விலை சரிந்தது. அரசாங்கச் சுரங்கங்களில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அந்தக் குடும்பங்களில் பல, பிழைப்புத் தேடிக் குடியேறிய இடம் எல் ஆல்ட்டோ.

உயூனி உப்பு வெளி, உலகிலேயே பெரியது. பரப்பு சுமார் 4 ஆயிரம் சதுர மைல். மழைக் காலத்தில் மெல்லிய தண்ணீர் தேங்கி, வானம் காலடியில் தெரியும். ஊருக்கு வெளியே பழைய ரெயில் என்ஜின்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. தாதுப் பொருட்களைக் கடற்கரைக்குக் கொண்டு சென்ற ரெயில்கள் அவை.

இந்த உப்புக்கு அடியில் இப்போது லித்தியம் இருக்கிறது. மின்சார மோட்டார் வண்டிகளின் பேட்டரிக்குத் தேவையான பொருள் அது. உலக நாடுகள் அதன் மீது கண் வைத்திருக்கின்றன. உயூனி இன்னொரு பொட்டோசி ஆகிவிடுமோ என்று பொலிவியா மக்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

இன்றும் ஓயவில்லை

பொட்டோசி பழங்கதை மட்டும் அல்ல. அந்த மலைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். மிச்சம் மீதி உள்ள வெள்ளி, துத்தநாகம், ஈயம், தகரம் ஆகியவற்றைத் தேடுகிறார்கள். கல் தூசி நுரையீரலை அரித்துவிடுகிறது. பலர் இளம் வயதிலேயே இறக்கிறார்கள்.

சுரங்கத்துக்குள் கொம்பு வைத்த ஒரு சிலை இருக்கிறது. அதை "எல் தியோ" என்கிறார்கள். "மாமன்" என்று பொருள். பூமிக்கு அடியில் அவன்தான் சொந்தக்காரன் என்பது தொழிலாளர்களின் நம்பிக்கை. கோக்கா இலையும் சிகரெட்டும் மதுவும் படைத்து, உயிரோடு திரும்ப வேண்டும் என்று வேண்டிக் கொள்கிறார்கள்.

மலையும் தளர்ந்துவிட்டது. 2011-ல் உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது. 1987-ல் இந்த நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 2014-ல் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

"மலை இடிந்துவிடும். வெட்டுவதை நிறுத்துங்கள்" என்பது ஒரு பக்கம். "நிறுத்தினால் எங்கள் அடுப்பு எப்படி எரியும்?" என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மை உண்டு.

பயணிகளால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது. ஆனால் அந்த ஊரில் இரண்டு நாள் தங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே பொருள் வாங்கினால், சுரங்கம் அல்லாத பிழைப்பு சிலருக்காவது கிடைக்கும்.

வேடிக்கை பார்க்கலாமா?

பயணிகளைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் படும் பாட்டைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

பழைய சுரங்கத் தொழிலாளியே வழிகாட்டியாக வந்தால் போகலாம். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உழைக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வெடி வெடித்துக் காட்டச் சொல்வது அநாகரிகம். குழந்தைகளையும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களையும் உள்ளே அழைத்துப் போகக் கூடாது. மனம் ஒப்பாதவர்களுக்கு நாணயச் சாலையே போதும்.

ஒரு யோசனை

லா பாஸில் நேராகப் போய் இறங்கினால், உயரம் காரணமாகத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். அதை விட, தாழ்வான சாண்டா குரூஸ் நகரில் இறங்குவது நல்லது. அங்கிருந்து 9 ஆயிரம் அடி உயரமுள்ள சுக்ரேக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்கலாம். பிறகு பொட்டோசி, உயூனி, கடைசியில் லா பாஸ். உடம்பும் பழகிக் கொள்ளும். கதையும் வரிசையாகப் புரியும்.

பொலிவியாவின் அரசுச் சின்னத்தில் ஒரு மலை இருக்கிறது. அது பொட்டோசியின் மலைதான். அந்த நாட்டு மக்கள் அதை மறக்கவில்லை. பார்க்கப் போகிறவர்களும் மறக்கக் கூடாது!