பாட்டியின் வாளியும் எலக்ட்ரானின் எடையும்

போன வாரம் மகள் பள்ளியில் ஹூஸ்டன் விண்வெளி மையத்துக்குக் கூட்டிப் போனார்கள். ரவுண்ட் ராக்கிலிருந்து மூன்று மணி நேர பஸ். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரே கதை. "அப்பா, ஸ்பேஸ்ல தராசு வேலை செய்யாதாம். ஸ்பிரிங் வச்ச சேர்ல உட்கார்ந்து ஆடுவாங்களாம். மெதுவா ஆடினா வெயிட் ஜாஸ்தி!"

உண்மைதான். 1973-ல் ஸ்கைலேப் நிலையத்திலேயே அப்படி ஒரு நாற்காலி இருந்தது. உடனே அடுத்த கேள்வி: "அப்போ எலக்ட்ரானை எப்படி எடை போடுவாங்க?"

நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு அமைதியாகி விட்டார். நம்மில் பல வீடுகளில் நடப்பதுதானே இது? கொஞ்சம் கனமான விஷயம் வந்தால் பேச்சு இங்கிலீஷுக்கு மாறும். பாட்டி வெளியே நிற்பார். அன்றைக்கு முழுக்கத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

ஓடுகிற எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் விட்டால் அது வட்டம் போடும். வேகமாக ஓடினால் வட்டம் பெரிசாகுமே தவிர, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறாது. அந்த நேரம் காந்தத்தின் வலிமையையும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தையும் நிறையையும் மட்டுமே பொறுத்தது. கனமாக இருந்தால் மெதுவாகச் சுற்றும். ஸ்பிரிங் நாற்காலி மாதிரியே! வெற்றிடத்தில், 1 டெஸ்லா காந்தப்புலத்தில், ஒரு நொடிக்கு சுமார் 2,800 கோடி சுற்று.

1953-ல் பே ஏரியாவின் பெர்க்லியில் டிரெஸ்ஸல்ஹாஸ், கிப், கிட்டல் என்ற மூவரும் இதை ஜெர்மானியம் படிகத்துக்குள் செய்து காட்டினார்கள். சுத்தமான படிகம், திரவ ஹீலியக் குளிர். குளிர் எதற்கு? சூட்டில் அணுக்கள் அதிகமாக அதிரும். ஒரு வட்டம் முடிப்பதற்குள் எலக்ட்ரான் முட்டித் திசை மாறிவிடும். பிறகு படிகத்தின் மேல் மைக்ரோவேவ் அலையைப் பாய்ச்சி, காந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, அலையின் தாளமும் சுற்றின் தாளமும் சேரும் இடத்தில் படிகம் அலையை நிறைய உறிஞ்சும். அந்தக் காந்த அளவிலிருந்து நிறையைக் கணக்குப் போட்டுவிடலாம்.

வந்த விடைதான் ஆச்சரியம். ஜெர்மானியத்துக்குள் ஒரு திசையில் எலக்ட்ரான் தன் சொந்த நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போல நடந்துகொள்கிறது. இன்னொரு திசையில் ஒன்றரை மடங்குக்கு மேல்! இதைத்தான் பயனுறு நிறை என்கிறார்கள்.

"ஒரே எலக்ட்ரான் எப்படிப்பா லேசாகும்?" என்றாள் மகள். நான் யோசிப்பதற்குள் அம்மா சொன்னார்: "கிணத்துல தண்ணி சேந்தினா தெரியும் கண்ணு. வாளி தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் லேசா வரும். மேல வந்ததும் கை கனக்கும். வாளி அதே வாளிதான்."

எனக்கே தோன்றாத உதாரணம்! முழுக்கப் பொருந்தாது. தண்ணீர் வாளியைத் தாங்க மட்டும் செய்யும். படிகமோ ஒரு திசையில் லேசாக்கி, இன்னொரு திசையில் கனமாக்கும். ஆனால் விஷயம் அதேதான்: எலக்ட்ரான் மாறவில்லை, சுற்றியுள்ள அணுக்களும் சேர்ந்து இழுக்கின்றன.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். எலக்ட்ரான் லேசாக நடந்துகொண்டால், அதே மின்புலத்தில் சீக்கிரம் வேகம் பிடிக்கும். போனின் ரேடியோ சிப்களில் வரும் காலியம் ஆர்சனைடில் பயனுறு நிறை பதினைந்தில் ஒரு பங்குதான். சிலிக்கானையே கொஞ்சம் இழுத்தோ அழுத்தியோ இந்த நிறையைக் குறைக்கலாம் என்று தெரிந்து, 2003 வாக்கில் கம்ப்யூட்டர் சிப்களில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். நம்ம 79-ம் நம்பர் ரோட்டில் டெய்லர் பக்கம் போகும்போது சாம்சங் சிப் ஆலையைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அன்று தூங்கப் போகும் முன் மகள் பாட்டியிடம் தமிழிலேயே கேட்டாள்: "ஊருக்கு வந்தா எனக்கு வாளி இழுக்கத் தருவீங்களா?"

"இப்ப அங்க மோட்டார்தான் கண்ணு. நீ வா, பழைய ராட்டினத்தை மாட்டச் சொல்றேன்."

டிசம்பருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.