ஒரு ஸ்பிரிங் போதுமா?



இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பாகங்களை வாங்கி, லோட்டஸ் செவன் மாதிரி ஒரு காரைத் தானே கட்டுகிறான். நேற்று ஆக்சிலேட்டர் பெடலையும் கார்புரேட்டரையும் ராடு போட்டு இணைத்தோம். மிதித்ததும் த்ராட்டில் முழுதாகத் திறந்தது. காலை எடுத்தால் பாதியில் நின்றுவிட்டது! ராடு சேஸிஸில் உரசியிருக்கிறது. ரோட்டில் நடந்திருந்தால்?

ராடைச் சரிசெய்துவிட்டு, "ஒரு ஸ்பிரிங் போதும்ப்பா" என்கிறான். எனக்கு ஒப்பவில்லை. த்ராட்டில் திறப்பதைவிட மூடுவதுதான் முக்கியம். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது தனியாக மூட வேண்டும். ரப்பர் மவுண்டில் இன்ஜின் ஆடும். ராடு அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். பெடலுக்கு அடியில் தடுப்பு இல்லாவிட்டால், மிதிக்கும் பலம் முழுக்கக் கார்புரேட்டரில் இறங்கும்.

காலேஜில் போட்டிக்காகக் கார் கட்டும் பிள்ளைகளே, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன் நூறு தடவை மிதித்துப் பாருங்கள். கணக்கைப் போட்டதும் சரிபார்க்கச் சொன்னேனே, அதேதான்.