பெட்ரோல் ஆயிரம் சரி, மீதி 1,300 எங்கே போச்சு?

வண்டிக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு யாரைக் கேட்டாலும் பெட்ரோல் காசைத்தான் சொல்வாங்க. "ஆயிரம் ரூபா ஆகுதுப்பா."

கணக்குப் போட்டுப் பாருங்க. சென்னையில் தினமும் 20 கிலோமீட்டர், மாசம் 25 நாள். லிட்டருக்கு 50 கொடுக்கிற பைக். 10 லிட்டர், ஏறக்குறைய ஆயிரம். சரி. அந்தப் பைக்கை 1 லட்சத்துக்கு வாங்கி, 8 வருஷம் ஓட்டி, 20 ஆயிரத்துக்குத் தள்ளிவிட்டா? மதிப்புக் குறையுறது மட்டுமே மாசம் 830 ரூபாய்க்கு மேல. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்னு ஒரு 500 வையுங்க. மொத்தம் 2,300 தாண்டுது. டியூ கட்டுறவங்களுக்கு வட்டி தனி!

மாநகரப் பேருந்தில் ஆயிரம் ரூபாய்க்கு மாத பாஸ் இருக்கு. "பெட்ரோலும் ஆயிரம், பாஸும் ஆயிரம், எதுக்குப் பஸ்?"னு தோணும். தோணுறது நியாயம்தான். வண்டி வாங்கின நாளே அந்த 1,300 கையை விட்டுப் போயிடுச்சு. இனி வண்டியை வீட்டில் நிறுத்தினாலும் மிச்சமாவது பெட்ரோல் காசு மட்டும்தான். அதனால தெருமுனைக் கடைக்குக்கூட பைக். ஒரு வண்டியை வாங்க வச்சுட்டா போதும், அந்தக் குடும்பம் பல வருஷம் பங்க் வாசலை விட்டுப் போகாது.

வாங்க வச்சது யாரு? போதுமான பஸ் விடாத ஆட்சிகள்தான். நிறுத்தத்தில் நின்னு நின்னு கால் கடுத்தவர்தான் ஷோரூமுக்குப் போறார்.

தப்பிக்க வழியில்லாதவன்கிட்ட வரி வசூலிக்கிறது சுலபம். 2014 ஏப்ரலில் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசின் கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதம், கச்சா எண்ணெய் விலை தரையில் கிடந்தப்போ, 32 ரூபாய் 98 காசு! 2022இல் குறைச்சபோதும் 19 ரூபாய் 90 காசில்தான் நிறுத்தினாங்க.

"விலை ஏறினா ஜனங்க பெட்ரோலைக் குறைச்சுப்பாங்க"ன்னு டிவி விவாதத்துல பொருளாதாரம் பேசுறாங்க. எதை வச்சுக் குறைக்கிறது? 2021இல் 100 ரூபாய் தாண்டினப்பவும் ரோட்டில் வண்டி நிக்கல. நாடு பயன்படுத்துற கச்சா எண்ணெயில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல இறக்குமதி. பஸ்ஸுக்குப் போக வேண்டிய பணம் எண்ணெய்க் கப்பலுக்குப் போகுது.

அதே 2021இல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லைன்னதும் என்ன ஆச்சு? பெண்கள் கூட்டம் ஏறுச்சு. பஸ் வந்தா, செலவு கண்ணுக்குத் தெரிஞ்சா, மக்கள் ஏறுவாங்க. ஒன்றிய அரசு வரியைக் குறைக்கணும், மாநில அரசு பஸ்ஸைக் கூட்டணும். ஒன்னைச் செஞ்சுட்டு இன்னொன்னை விட்டா கணக்கு மாறாது.

வண்டி வச்சிருக்கவங்க டியூவோட சேர்த்து உங்க மாசக் கணக்கைக் கமெண்டில் போடுங்க. உங்க ரூட்டில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ்ங்கிறதையும் எழுதுங்க.